ஜீரோ என்றால் ஒன்றுமில்லை என்று நினைத்தேன்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனு எழுத, பட்டா நகல் எடுக்க, ஆதார் திருத்த என்று காலையிலிருந்து ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். ஊரார் காகிதத்தை எல்லாம் வரி வரியாகப் படித்து, “அண்ணே, அப்பா பேர்ல ஒரு எழுத்து விட்டுப்போச்சு” என்று சொல்லித் திருத்துகிறவள் நான். என் சொந்த மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) ரிப்போர்ட் கைக்கு வந்தபோது ஒரே ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டேன். அதிலிருந்து தொடங்கிய அலைச்சலில் போனது 57 நாள், 51,000 ரூபாய். இப்போது நலமாக இருக்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை திகிலாக வைத்து எழுத எனக்குத் தெரியாது.

எனக்கு வயது 47. வீட்டுக்காரர் குவைத்தில் டிரைவர். மகள் பிளஸ் டூ. மாமியார் கூடவே இருக்கிறார். பண்ருட்டியில் இருந்த என் அத்தை, அப்பாவின் அக்கா, மார்பகப் புற்றுநோயில் போய்ச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கட்டி தெரிந்தும் எட்டு மாதம் யாரிடமும் சொல்லாமல் முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்தார். அந்த நினைப்பு ஓயாமல் அரித்துக்கொண்டே இருந்தது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாமியாருக்குப் பிரஷர் பார்க்க வீட்டுக்கு வரும் பெண், ஒருநாள் என்னையும் கேட்டாள்: “அக்கா, நீங்க மார்பைக் கையால தடவிப் பாத்துக்கறது உண்டா?” இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த வாரமே புதுச்சேரியில் ஒரு பரிசோதனை மையத்தில் பெண்களுக்கான பேக்கேஜ் ஒன்றை, மேமோகிராம் உட்பட 3,500 ரூபாய்க்கு, பதிவு செய்துவிட்டேன்.

பிப்ரவரி 6. காலையில் குளித்து, வழக்கம்போல அக்குளுக்கும் கழுத்துக்கும் பவுடர் போட்டுக்கொண்டு பாண்டி பஸ் ஏறினேன். அந்தப் பவுடரைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். மேமோகிராம் எப்படி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. தடித்த புத்தகத்தை ஜெராக்ஸ் எடுக்கும்போது நடு மடிப்பு மங்காமல் விழ வேண்டும் என்று மூடியை அழுத்திப் பிடிப்போமே, அதேதான். மார்பகத்தை ஒரு தட்டில் வைத்து மேலே இன்னொரு தட்டால் அழுத்துகிறார்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் மேலிருந்து ஒன்று, சாய்வாக ஒன்று, மொத்தம் நாலு படம். வலித்தது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் சில நொடிதான். அழுத்தினால்தான் உள்ளே இருக்கும் திசு பரந்து தெளிவாக விழும், கதிர்வீச்சும் குறைவாகப் போதும். மாதவிடாய் இன்னும் வருகிறவர்கள் அது முடிந்த வாரத்தில் போனால் வலி குறையும் என்பதைப் பிறகுதான் கேள்விப்பட்டேன். நான் போனது தேதி நெருங்கிய வாரம்.

மூன்றாம் நாள் வாட்ஸப்பில் பி.டி.எஃப். வந்தது. கடையில் கூட்டம். ரத்தச் சோதனைப் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போய்க் கடைசியில் பார்த்தேன்: ‘பை-ராட்ஸ் 0’. ஜீரோ. சர்க்கரை இல்லை, கொழுப்பு கொஞ்சம், மார்பில் ஜீரோ. கும்பிட்டுவிட்டு போனை மூடினேன். அன்றைக்குக் கடைப் பெண்ணுக்கு டீயோடு போண்டாவும் வாங்கிக் கொடுத்தேன்.

பை-ராட்ஸ் என்பது மேமோகிராம் ரிப்போர்ட்டுக்குப் பல நாடுகளில் போடும் எண். 0 முதல் 6 வரை உண்டு. 1 என்றால் ஒன்றுமில்லை. 2 என்றால் ஏதோ இருக்கிறது, ஆனால் தீங்கில்லாதது. 3 என்றால் பெரும்பாலும் தீங்கில்லாதது, ஆறு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும். 4, 5 என்றால் பயாப்ஸி, அதாவது ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும். 6 என்பது புற்றுநோய் என்று ஏற்கெனவே உறுதியானவர்களுக்கு. இந்த வரிசையில் 0 என்பது, ‘இப்போதைய படத்தை வைத்து முடிவு சொல்ல முடியவில்லை, இன்னும் படம் வேண்டும்’ என்று அர்த்தம். பரீட்சைத் தாளைத் திருத்தாமலேயே திருப்பி அனுப்புவது போல. இதை ஒரு வரி தமிழில் அந்த ரிப்போர்ட்டில் அச்சடித்திருந்தால் எனக்கு 11 நாள் மிச்சமாகியிருக்கும். பேக்கேஜ் விற்கிறவர்கள் மேல் எனக்கு இருக்கும் பெரிய கோபம் இதுதான். சோதனையை விற்கிறார்கள், பலனை உட்கார வைத்துச் சொல்ல ஆள் வைப்பதில்லை.

பதினோராம் நாள் மையத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். “மேடம், ரிப்பீட் வியூ எடுக்க வரணும்.” காசு பிடுங்கப் பார்க்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். இரவு எல்லாரும் தூங்கியபின் ரிப்போர்ட்டைத் திறந்து முழுதாகப் படித்தேன். இடது மார்பகத்தின் மேல் வெளிப்பக்கம் நுண்ணிய கால்சியத் துகள்கள், உருப்பெருக்கிய படம் தேவை, மார்பக அடர்த்தி ‘சி’ என்று இருந்தது. போனில் தேடத் தேட ஒவ்வொரு பக்கமும் என்னை இன்னும் கொஞ்சம் கொன்றது. வீட்டுக்காரர் வீடியோ காலில் வந்தபோது, “முகம் ஏன் ஒருமாதிரி இருக்கு?” என்றார். தலைவலி என்றேன். மகளுக்கு மார்ச்சில் பரீட்சை. மாமியாரிடம் சொன்னால் பத்து நிமிடத்தில் தெருவுக்கே தெரியும். அன்று இரவு முடிவெடுத்தேன், யாரிடமும் சொல்லப்போவதில்லை என்று. முந்தானைக்குள் மறைத்த அத்தையைத் திட்டியவள் அதையேதான் செய்தேன்.

இங்கேதான் பெரிய தப்பு நடந்தது. அந்த மையத்தின் மேல் நம்பிக்கை இல்லாததால் கடலூரிலேயே ஒரு டாக்டரிடம் போனேன். பி.டி.எஃப்.பை மேலோட்டமாகப் பார்த்தவர், “ஸ்கேன் எடுத்துடலாம்மா” என்று அல்ட்ராசவுண்டுக்கு எழுதிக் கொடுத்தார். 1,600 ரூபாய். ‘நார்மல் ஸ்டடி’ என்று வந்தது. அங்கிருந்து நேரே திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போய் விளக்கேற்றிவிட்டுத்தான் கடைக்கு வந்தேன். ஒன்பது நாள் நிம்மதி. மார்ச் 3, மகளுக்கு முதல் பரீட்சை அன்று, மையத்துப் பெண் மறுபடி கூப்பிட்டாள். “ஸ்கேன் எடுத்துட்டேன்மா, நார்மல்” என்றேன். அவள் தயங்கி, “மேடம், அது வேற, இது வேற. சார்கிட்ட ஒரு தடவை கேட்டுடுங்களேன்” என்றாள். முன்பு நான் மனசுக்குள் திட்டிய அந்தப் பெண்தான் இந்தக் கதையிலேயே சரியாகப் பேசிய முதல் ஆள்.

அது வேறு, இது வேறு என்பதன் அர்த்தம் எனக்குப் பிடிபட இன்னும் இரண்டு வாரம் ஆனது. அல்ட்ராசவுண்ட் என்பது ஒலி. கட்டி இருக்கிறதா, அது கெட்டியா நீர்க்கட்டியா என்று பார்ப்பதில் கெட்டி. அடர்த்தியான மார்பகத்தில் மேமோகிராமுக்குத் தப்பும் கட்டியையும் சில நேரம் பிடித்துவிடும். ஆனால் மணலைவிடச் சிறிய கால்சியப் புள்ளிகளை அது பெரும்பாலும் காணாது. அதில் மேமோகிராம்தான் ராஜா. பால் குழாய்க்குள்ளேயே அடங்கியிருக்கும் ஆரம்ப நிலைப் புற்று பல நேரங்களில் இந்தப் புள்ளிகளாக மட்டும்தான் வெளியே தெரியும், கைக்கும் தட்டுப்படாது. ஆக, புள்ளியைத் தேடச் சொன்னபோது நான் கட்டியைத் தேடிவிட்டு இல்லை என்று தேங்காய் உடைத்திருக்கிறேன். அடுத்த சோதனைக்குக் காசு கட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “முதல் படத்துல தெரிஞ்சது இந்த மெஷினுக்குத் தெரியுமா?” எனக்கு இந்தக் கேள்வி தெரிந்திருந்தால் பாதிச் செலவு இல்லாமல் போயிருக்காது, ஆனால் 11,100 ரூபாய் நிச்சயம் மிச்சம்.

ஏன் 11,100? ஸ்கேனோடு நிற்கவில்லை. தோழி ஒருத்தி, பெயர் சொல்லாமல் ‘எங்க சொந்தக்காரங்களுக்கு’ என்று நான் விசாரித்தபோது, “எம்.ஆர்.ஐ. எடுத்துட்டா எல்லாம் தெரிஞ்சிடும்” என்றாள். மார்ச் 8 அன்று பாண்டியில் 9,500 ரூபாய் கட்டி, ஊசி போட்டு, குப்புறப் படுத்து எடுத்தேன். ரிப்போர்ட்டில் இரண்டு பக்கமும் பரவலாக ஏதோ ஒளிர்கிறது, மேமோகிராமோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் என்று வந்தது. சுற்றிச் சுற்றிச் சுப்பர் கொல்லை. எம்.ஆர்.ஐ. மிக நுணுக்கமான சோதனைதான். பரம்பரையாக அதிக ஆபத்து உள்ளவர்களுக்கு மேமோகிராமோடு சேர்த்து அதைச் சொல்கிறார்கள். ஆனால் கால்சியத்தை அது நேரடியாகக் காட்டாது, மாதவிடாய்ச் சுழற்சியின் 7 முதல் 14 நாளுக்குள் எடுக்காவிட்டால் சில நேரம் சும்மாவே ஒளிரும். நான் எடுத்தது 24-ஆம் நாள். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இதற்கு நடுவில், உடம்புச் சூட்டைக் கேமராவில் பிடித்து மார்பைப் பார்க்கும் இலவச முகாம் நோட்டீஸ் என் கடைக்கே ஜெராக்ஸுக்கு வந்தது. தொடவே மாட்டார்கள், வலிக்காது என்று போட்டிருந்தது. ஆசைப்பட்டேன். நல்லவேளை போகவில்லை. வெப்பப் படம் மேமோகிராமுக்கு மாற்றாகாது என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. பல முறை எச்சரித்திருக்கிறது.

மார்ச் 14 அன்று பணிமாற்றல் ஆர்டரை நகல் எடுக்க ஒரு நர்ஸ் வந்தார். தெரிந்த முகம். என்னவோ அவரிடம் சொல்லத் தோன்றியது, கடைக்குள் உட்கார வைத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கவே இல்லை. “அக்கா, பேப்பர் வேணாம். படம் இருக்கிற சி.டி. எங்க?” என்றார். சி.டி.யா? கேட்டு வாங்க வேண்டும் என்றே எனக்குத் தெரியாது. என்னிடம் இருந்தது போனில் வந்த பி.டி.எஃப்.பின் பிரிண்ட். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்தால் கமாவும் புள்ளியும் முதலில் காணாமல் போகும் என்று தினம் நாலு பேருக்குச் சொல்கிறவள், புள்ளியைப் பற்றிய என் நோய்க்கு மூன்றாம் நகலைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன். மையத்துக்கு இரண்டு முறை நடந்து, 600 ரூபாய் கட்டி சி.டி. வாங்கினேன். மேமோகிராம் எடுத்த அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள், வருடா வருடம் பத்திரமாக வையுங்கள். பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் புதிதாக வந்தது எது, பிறவியிலிருந்தே அப்படி இருப்பது எது என்று சொல்ல முடியும். முதல் தடவை எடுக்கிறவர்களை அதிகமாகத் திரும்பக் கூப்பிடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நர்ஸ் சொன்ன மார்பக அறுவை சிகிச்சை நிபுணர் பாண்டியில் இருந்தார். அம்மாவின் வயது இருக்கும். சி.டி.யைப் பெரிய திரையில் போட்டு, படம் பார்த்து ரிப்போர்ட் எழுதும் தன் ரேடியாலஜிஸ்டையும் கூப்பிட்டுக் காட்டி, பிறகு என் பக்கம் திரும்பினார். “நூறு பேரு எடுத்தா பத்து பேர கூப்பிடுவாங்கம்மா. அந்தப் பத்துல ஒருத்தருக்குக்கூட பல தடவ இருக்காது. மொதல்ல மூச்சு விடு.” அமெரிக்கக் கணக்கு அப்படித்தான் இருக்கிறது, பிற்பாடு நானே தேடிப் படித்தேன். அந்த ‘அடர்த்தி சி’யையும் அவர்தான் விளக்கினார். கொழுப்பு படத்தில் கருப்பாக விழும், பால் சுரப்பித் திசு வெள்ளையாக விழும், புற்றும் வெள்ளையாகவே விழும். ஏ, பி, சி, டி என்று நாலு படி. சி, டி என்றால் வெள்ளை அதிகம், அதற்குள் கட்டி ஒளிந்துகொள்ளலாம். மார்கழிப் பனியில் தேவனாம்பட்டினம் கடலில் வெள்ளைப் படகைத் தேடுவது மாதிரி என்று எனக்குப் புரிந்தது. இது நோயல்ல. 40 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்குமாம். அமெரிக்காவில் 2024 செப்டம்பர் முதல் ஒவ்வொரு பெண்ணுக்கும் அவளுடைய அடர்த்தியை எழுதித் தெரிவித்தே ஆக வேண்டும். நம் ஊரில் நாமே அந்த வரியைத் தேடிப் படிக்க வேண்டியதுதான்.

மெஷினிலும் வித்தியாசம் உண்டு. பழைய ஃபிலிம் மெஷின், டிஜிட்டல், 3டி என்று மூன்று. 2005-இல் அமெரிக்கா, கனடாவில் சுமார் 49,500 பெண்களிடம் ஃபிலிமையும் டிஜிட்டலையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில், மொத்தத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. ஆனால் 50 வயதுக்குக் கீழே இருப்பவர்கள், அடர்த்தி அதிகம் உள்ளவர்கள், மாதவிடாய் நிற்காதவர்கள் விஷயத்தில் டிஜிட்டல் மேலாக இருந்தது. அந்த மூன்றும் நான்தான். 3டி என்கிற டோமோசிந்தசிஸில் மெஷினின் தலை வளைவாக நகர்ந்துகொண்டே பல படங்கள் எடுத்து, திசுவை மெல்லிய அடுக்கு அடுக்காகக் காட்டும். பத்து தாளைச் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தால் எழுத்து ஒன்றின் மேல் ஒன்று விழுந்து என்னவோ போலத் தெரியும் அல்லவா, தாளைத் தனித்தனியாகப் புரட்டிப் பார்ப்பது 3டி. வீணாகத் திரும்பக் கூப்பிடுவது குறைவதும், கொஞ்சம் கூடுதலாகக் கண்டுபிடிப்பதும் அதன் லாபம். பேக்கேஜ் பதிவு செய்யும்போதே ‘உங்களிடம் இருப்பது எந்த மெஷின்’ என்று கேளுங்கள், கேட்டால் யாரும் அடிக்கமாட்டார்கள்.

மார்ச் 20 அன்று உருப்பெருக்கிய படம். டெக்னீஷியன் பெண் என்னைப் பார்த்ததும் கேட்டாள், “பவுடர், ரோல்-ஆன் ஏதாச்சும் போட்டிருக்கீங்களாம்மா?” போட்டிருந்தேன், வேறெப்படி, பங்குனி வெயில். ஈரத் துணியால் அக்குளையும் மார்புக்கு அடியையும் நன்றாகத் துடைத்துவிட்டாள். பவுடரிலும் வாசனை ரோல்-ஆனிலும் இருக்கும் துகள் படத்தில் கால்சியம் போலவே வெள்ளைப் புள்ளியாக விழும். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கண்ணாடியில் தூசி இருந்தால் எடுக்கிற எல்லா நகலிலும் புள்ளி விழும் என்று தினமும் காலையில் கடை மெஷினைத் துடைக்கிறேன். துடைத்து எடுத்த படத்தில் அக்குள் பக்கப் புள்ளிகள் மாயமாயின. ஆனால் கதை அங்கே முடியவில்லை. உள்ளே ஒரு கொத்துப் புள்ளி அப்படியே இருந்தது. ‘பை-ராட்ஸ் 4ஏ’ என்று எழுதினார்கள்.

நாலு என்றதும் நாலாம் ஸ்டேஜ் என்று நினைத்து நாற்காலியிலேயே கை கால் விறைத்துப்போனது. ஸ்டேஜ் வேறு, பை-ராட்ஸ் வேறு. 4ஏ என்றால் புற்றாக இருக்க வாய்ப்பு நூற்றுக்கு 2-க்கு மேல் 10 வரை. டாக்டரம்மா இதை ஒரு தாளில் நூறு புள்ளி போட்டுப் பத்தை வட்டமிட்டுக் காட்டினார். அந்தத் தாள் இன்னும் என் கைப்பையில் இருக்கிறது.

அல்ட்ராசவுண்டில் தெரியாத புள்ளி என்பதால் ஊசியையும் மேமோகிராமை வைத்துத்தான் குறிபார்த்துச் செலுத்த வேண்டும். சென்னைக்கு எழுதிக் கொடுத்தார். மகளின் பரீட்சை 25-ஆம் தேதி முடிந்தது, 28-இல் போனேன். கூட ஒரு ஆள் வந்தே ஆக வேண்டும் என்றதால் கடைப் பெண்ணைக் கூட்டிக்கொண்டேன். 22 வயது, பாவம், பஸ் முழுக்க என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். மரத்துப்போக ஊசி போட்டபின் வலி அதிகமில்லை, அசையாமல் இருப்பதுதான் கஷ்டம். எடுத்த சதைத் துணுக்குகளை உடனே எக்ஸ்ரே எடுத்து, புள்ளி அதில் வந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். எடுத்த இடத்துக்கு அடையாளமாக எள்ளளவு கிளிப் ஒன்று உள்ளே வைத்தார்கள். ஏப்ரல் 4 அன்று போன் வந்தது. புற்றணு இல்லை. ஹார்மோன் மாற்றத்தால் வரும் சாதாரணத் திசு மாற்றம், அதில் படிந்த கால்சியம். ஆறு மாதம் கழித்து ஒரு மேமோகிராம் எடுத்துக் காட்டினால் போதும்.

செலவைக் கேட்பீர்கள். பேக்கேஜ் 3,500, ஸ்கேன் 1,600, எம்.ஆர்.ஐ. 9,500, சி.டி. 600, டாக்டர் ஃபீஸ் 1,700, உருப்பெருக்கிய படம் 1,200, பயாப்ஸி 27,000, திசுச் சோதனை 3,500, பஸ், ஆட்டோ, சாப்பாடு 2,400. கடை பூட்டிக் கிடந்த ஒன்பது நாள் கணக்கில் இல்லை. கோரிமேடு ஜிப்மரில் புற்றுநோய்க்குத் தனி மையமே இருக்கிறது, அங்கே போயிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது. விடியற்காலையில் வரிசையில் நிற்க வேண்டும், தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பயந்தேன். அந்த வெட்கத்தின் விலையும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் மேமோகிராம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். மேமோகிராம் எடுத்துக்கொள்ள அழைக்கப்பட்ட பெண்களிடையே மார்பகப் புற்றுநோய்ச் சாவு ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகிறது என்று 2012-இல் பிரிட்டனில் கூடிய நிபுணர் குழு கணக்கிட்டது. கூடவே, தொல்லை தராமலே கிடந்திருக்கக்கூடிய சிலவற்றுக்கும் சிகிச்சை நடந்துவிடுகிறது என்று அதே குழு ஒளிக்காமல் சொன்னது. மேமோகிராமுக்கு வழியில்லாதவர்கள் கைப்பரிசோதனையை ஏளனம் செய்ய வேண்டாம். மும்பையில் டாடா மெமோரியல் மருத்துவமனை ஒன்றரை லட்சம் பெண்களை இருபது வருடம் பின்தொடர்ந்தது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் பரிசோதித்ததில், 50 வயதைத் தாண்டியவர்களிடம் சாவு 30 சதவீதத்துக்கு நெருக்கமாகக் குறைந்தது. 2021-இல் வெளியான முடிவு. எங்கள் தெருவுக்கு வரும் அந்தப் பெண்ணைப் பற்றி அதன் பிறகு எனக்கு மரியாதை கூடிவிட்டது. கட்டி கைக்குத் தட்டுப்பட்டாலோ, காம்பில் ரத்தம் கசிந்தாலோ, தோல் சுருங்கினாலோ, மேமோகிராம் நார்மல் என்று வந்திருந்தாலும் டாக்டரைப் பாருங்கள். அடர்த்தி டி உள்ளவர்களுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும்.

மகளிடம் பரீட்சை முடிந்ததும் சொன்னேன். ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. மாமியாருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது, ஆனால் தெருவுக்குத் தெரியவில்லை, அந்த விஷயத்தில் நான் அவரைத் தப்பாக நினைத்துவிட்டேன். அடுத்த மேமோகிராம் அக்டோபரில், அதே மெஷினில், மாதவிடாய் முடிந்த வாரத்தில், பவுடர் இல்லாமல். வீட்டுக்காரரிடம்தான் இன்னும் சொல்லவில்லை. பயாப்ஸிக்கு என் இரண்டு வளையலைக் கூட்டுறவு பேங்கில் வைத்தேன். அவர் ஜூலையில் லீவில் வருகிறார். அதற்குள் வளையலை மீட்பதா, விஷயத்தைச் சொல்வதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.